பெரிய எழுத்தில் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். வேதாகமம் வாங்க வசதியில்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுப்போம் என்று சென்ற இதழில் அழைப்பு விடுத்திருந்தீர்கள். மனதார உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். பல வருடங்களாக இந்த ஊழியத்தில் இருப்பதால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். எத்தனை பிரதிகள் கொடுத்தோம் என்று எண்ணுகிறோம்; வாங்கியவரால் வாசிக்க முடிகிறதா என்று கேட்பதில்லை.

முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா, நாங்கள் கொடுத்த வேதாகமத்தைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார். எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கொடுத்தவர்கள் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்திருக்கிறார். அப்புறம் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றைக் கொண்டுபோனேன். "23-ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுப்பா" என்றார். அவருக்கு மனப்பாடமானதுதான். இருந்தும் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

தரங்கம்பாடியில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதை மொழிபெயர்த்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-ல் அங்கே வந்து இறங்கியவர். அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்தன. தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்களின் காணிக்கையும் அதில் இருந்தது. ஆனால் ஹாலேயிலிருந்து வந்த அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அப்படியே அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்று இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அன்று காகிதத் தட்டுப்பாடு, அதனால் எழுத்தைச் சிறிதாக்கினார்கள். இன்று பெரிய எழுத்துப் பிரதியே கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

பார்வையற்றவர்களுக்கு, விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தில் பிரெயில் வேதாகமம் இருக்கிறது. முழு வேதாகமமும் 40-க்கும் மேற்பட்ட தடித்த தொகுதிகளாக வரும், வைக்க ஓர் அலமாரியே வேண்டும். ஆகவே முதலில் எந்த சுவிசேஷம் வேண்டும் என்று அவரிடமே கேட்டுக் கொடுக்கலாம். எழுத்து தெரியாதவர்களுக்கு ஒலி வேதாகமம். கிழிந்து, பக்கம் போன பழைய பிரதிகளைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். நாம் வைத்துக்கொள்ள விரும்பாததை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது?

மிஷனரிகளைத் தாங்குவதும் இப்படித்தான். பண்டிகைக் காலத்தில் ஒருமுறை பெரிய தொகை அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் மாதாமாதம் வருகின்றன. சிறிய தொகையானாலும் தவறாமல் வந்தால் அவர்கள் ஊழியத்தில் நிம்மதியாக நிற்க முடியும். யார் வேதாகமம் கேட்கிறார்கள், எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த அறிவிப்பில், வேண்டுபவரின் மொழி, எழுத்தின் அளவு, அச்சா பிரெயிலா ஒலியா என்று கேட்டு இரண்டு வரி சேர்ப்பீர்களா? என் பங்காக, பெரிய எழுத்துப் பிரதிகளுக்கென்று ஒரு காணிக்கையை இக்கடிதத்துடன் அனுப்புகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஒரு வாசகர்