மிளகு கொட்டாவி விட்ட நாள்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு "ம்" கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் போனில் சொல்லி முடிக்கிற அளவுக்கு அது சின்னதாக இல்லை. "ஏம்ப்பா, மிளகு அடிபட்டு மிதிபட்டு வந்த நாய். அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலயும் முதியோர் இல்லத்துலயும் உக்கார வச்சு, மத்தவங்க துக்கத்தையும் சேர்த்துச் சுமக்க வைக்கணுமா?" என்றாய். நாலு நாளாக அதுவே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அவளுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள் உன் அம்மா. எனக்கு எழுதினால்தான் கோவையாக வரும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நீ வீடியோவில் பார்ப்பது இப்போதைய மிளகை. வந்த அன்று அவள் எப்படி இருந்தாள் என்று உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஆரம்பிப்பாய் என்ற பயம்தான். வயது ஐந்தோ ஆறோ இருக்கும் என்றார்கள் நாய்க் காப்பகத்தில், பல்லைப் பார்த்துப் போட்ட கணக்கு. இடது காது பாதி கிழிந்திருந்தது. கழுத்தைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு தடம், அங்கே முடியே முளைப்பதில்லை. குட்டியில் கட்டிய சங்கிலி. நாய் வளர்ந்தது, சங்கிலியை யாரும் தளர்த்தவில்லை. அவ்வளவுதான் விஷயம். யாரும் அடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கவனிக்காமல் இருந்தாலே போதும் போலிருக்கிறது.

காப்பகத்துக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் போக்கு பிடிபடும், மூன்று மாதத்தில்தான் "இது நம்ம வீடு" என்ற நினைப்பு வரும். நம் ஆள் அந்தக் கணக்கை மதிக்கவில்லை. பதினோரு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு வந்து தின்றுவிட்டுத் திரும்பப் போய்விடுவாள். நான் தினம் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன். தலையங்கம், விளையாட்டு, எல்லாம். "நாய்க்கு எதுக்குங்க பங்குச் சந்தை நிலவரம்?" என்றாள் உன் அம்மா. பன்னிரண்டாம் நாள், குதிகால் மேல் ஏதோ கனமாக, கொஞ்சம் ஈரமாக வந்து அமர்ந்தது. அவள் முகவாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் அடுத்த பத்தியைப் படித்தேனே, அதுதான் அந்த மாதம் முழுக்க நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

இந்த வேலைக்கு அவளை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கால்நடை மருத்துவரிடம் ஊசி போடக் காத்திருந்தோம். சக்கர நாற்காலியில் ஒரு அம்மா, மடியில் பூனைக்கூடை. மற்ற நாய்கள் கூடையைப் பார்த்துக் குரைத்துத் தள்ளுகின்றன. இவள் மெதுவாக எழுந்து போய், பூனையைச் சட்டை செய்யாமல், அந்த அம்மாவின் செருப்பு மேல் முகவாயை வைத்துப் படுத்துவிட்டாள். என் குதிகாலில் வைத்தாளே, அதே மாதிரி. அங்கே வேலை செய்யும் பெண்தான், "சார், இவளைத் தெரபி நாய்த் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். நோயாளிகளிடமும் முதியவர்களிடமும் போய் ஆறுதலாக உட்காரும் நாய்க்குத்தான் அந்தப் பெயர்.

தேர்வு என்றதும் வித்தை காட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. பின்னால் ஒரு தட்டைத் தடாலென்று போடுவார்கள். நாய் திடுக்கிடலாம், தப்பில்லை, எவ்வளவு சீக்கிரம் நிதானத்துக்கு வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தடுமாறிக்கொண்டே வந்து கரடுமுரடாகத் தடவுவார். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, நாலு பேர் சேர்ந்து சூழ்ந்துகொள்வது, தரையில் கிடக்கும் தின்பண்டத்தை "விடு" என்றால் விடுவது, இன்னொரு நாயைக் கடந்து போவது. எனக்கும் மதிப்பெண் போட்டார்கள் தெரியுமா? நாய் தயங்கும்போது கயிற்றை இழுக்கிறேனா, அவளைப் பார்க்கிறேனா, எதிரில் இருப்பவரிடம் பேசுவதில் அவளை மறந்துவிடுகிறேனா என்று. முதல் தடவை தட்டுச் சத்தத்துக்கு மிளகு வாசல்வரை ஓடிவிட்டாள். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். தேர்வு வைத்த அம்மாள் எரிச்சலோடு சொல்லவில்லை. எல்லா நாயும் இதற்குப் பொருந்தாது, பொருந்தாதது குறையும் இல்லை, வீட்டில் ஒரு நாய் நிம்மதியாகத் தூங்கினாலே அதன் வேலை முடிந்தது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் போனோம், தேறினாள். நான் பிழைத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

ஒன்று குழம்பிக்கொள்ளாதே. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு. அது ஒரே ஒரு மனிதருக்காகப் பழக்கப்பட்டது, வேலையில் இருக்கும்போது நாம் தொடவே கூடாது. இவள் பலருக்கும் பொதுவானவள், தொடுவதற்கென்றே வருபவள். போகும் முன் குளியல், நகத்தை வெட்டி ராவி விடுவது (முதியவர்களின் தோல் காகிதம் மாதிரி, ஒரு கீறல் போதும்), தொடுகிறவர்கள் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்துகொள்வது. பச்சை இறைச்சி தின்னும் நாய்களைப் பல அமைப்புகள் சேர்ப்பதே இல்லை, கிருமி பயம்.

சரி, அங்கே போய் அவள் என்னதான் செய்கிறாள்? பெரும்பாலும் ஒன்றுமே செய்வதில்லை. ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப் போயிருந்தது. பேச்சும் இல்லை. பிசியோதெரபி செய்யும் பெண் அவரை ஒரு மாதமாக ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். மிளகை அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்து, பந்துக்குப் பதிலாகச் சீப்பு பிரஷைக் கையில் கொடுத்தாள். முதல் வாரம் பிரஷ் கீழே விழுந்தது. இரண்டாம் வாரமும் விழுந்தது. மூன்றாம் வாரம், பிரஷை விட்டுவிட்டு, மடங்கிய விரல்களாலேயே அந்தக் கிழிந்த காதைத் தேடிப் பிடித்தார். கட்டைவிரல் காதின் ஓரத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது, பொத்தான் துளையைத் தடவிப் பார்ப்பது போல. அவர் பேசிவிட்டார் என்றெல்லாம் நான் உனக்குக் கதை விடப் போவதில்லை, பேசவில்லை. இருபது நிமிஷம் கையை எடுக்கவும் இல்லை. பந்தைத் தொடாத மனுஷன்.

படிக்காமல் எதையும் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியுமே. போரிஸ் லெவின்சன் என்று அமெரிக்காவில் ஒரு குழந்தை உளவியலாளர் இருந்தார். யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட, அறையிலிருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய்ப் பையனை நக்க, பையன் நாயைக் கட்டிக்கொண்டானாம். இதை 1961இல் சக உளவியலாளர்கள் கூட்டத்தில் சொன்னபோது, நாய்க்கும் கட்டணத்தில் பங்கு உண்டா என்கிற ரீதியில் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவருக்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில், 1944இல் நியூ கினியில் ஒரு பதுங்குகுழியில் அநாதையாகக் கிடந்தது ஸ்மோக்கி என்ற யார்க்‌ஷயர் டெரியர். எடை இரண்டு கிலோகூட இல்லை. அதை வளர்த்த சிப்பாய் காய்ச்சலில் படுத்தபோது நண்பர்கள் அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். செவிலியர்கள் அதைக் காயம்பட்ட மற்றவர்களிடமும் கொண்டு போனார்கள். முதல் தெரபி நாய் என்று பலரும் சொல்லும் அந்த நாயே கண்டெடுத்த நாய்தான், பார்த்தாயா!

ஆராய்ச்சிகளும் உண்டு. 2015இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது இருவரின் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே சுரக்கிற அதே சுரப்பு. 2019இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்துப் பார்த்ததில், பத்து நிமிஷம் நாய் பூனைகளைத் தடவியவர்களுக்கு மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசால் குறைந்திருந்தது. இதற்கு மேல், நாய் நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரு மத்தியான நேரத்தைக் குணமாக்கும். ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு மத்தியானம் எவ்வளவு நீளம் என்று.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

வாரம் ஒருநாள் பிள்ளைகள் நாய்க்குக் கதை படித்துக் காட்டும் இடத்துக்கும் போகிறோம். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் முறையாகத் தொடங்கிய வழக்கம், இப்போது பல நாடுகளில் இருக்கிறது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் பிழை திருத்தமாட்டார், அதுதான் சூட்சுமம். பங்குச் சந்தையே கேட்டவளுக்கு முயல் கதை எம்மாத்திரம்? ஒரு பையன், எட்டு வயது இருக்கும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நாலு தடவை முட்டி மோதினான். மிளகு கொட்டாவி விட்டாள். பையன் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். "நான் படிக்கிறது அதுக்குப் போரடிக்குதா?"

"இல்லடா ராஜா, தூக்கம் வருது அவளுக்கு" என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் அவளைப் பார்த்தேன். உதட்டை நக்கினாள். தலையை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டாள், கண்ணின் வெள்ளை தெரிந்தது. நாய்க்குக் கொட்டாவி எப்போதும் தூக்கம் அல்ல. "போதும், எனக்குக் கஷ்டமாயிருக்கு" என்பதை அவை இப்படித்தான் சொல்லும். இதைக் கேட்காவிட்டால்தான் உறுமல், அதையும் கேட்காவிட்டால்தான் கடி. பக்கத்து அறையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், கிரீச் கிரீச்சென்று. அந்தச் சத்தம்தான். பையனிடம் அதையே சொன்னேன்: "நீ படிக்கிறது இல்லப்பா. அந்த நாற்காலிச் சத்தம் அவளுக்கு ஆகலை. அவ வெளியே போகணும்னு சொல்றா." அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எனக்கும் ஆகலை" என்றான். மூன்று பேரும் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அன்றைக்கு மேற்கொண்டு வாசிப்பு நடக்கவில்லை.

என் வேலை அங்கே இதுதான், வேறொன்றும் இல்லை. எல்லோரும் நாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் அவள் வாலையும் காதையும் உதட்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் போதும் என்றால் எழுந்துவிட வேண்டும், எதிரில் இருப்பவர் எவ்வளவு ஆசையாக இருந்தாலும். துக்கத்தை அவள் சுமக்கிறாளா என்று கேட்டாய். சுமக்கிற மாதிரி தெரிந்த அன்றைக்கு நாங்கள் கிளம்பிவிடுகிறோம். கழுத்துச் சங்கிலி இறுகியபோது அவள் சொல்லாமலா இருந்திருப்பாள்? கேட்கத்தான் ஆள் இல்லை.

இதைப் படிக்கும்போது நீ சிரிக்கலாம். அந்தக் கொட்டாவி நாளுக்குப் பிறகு எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் உன்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பாட்டுப் பாடச் சொல்வேன். நீ சட்டை நுனியைத் திருகித் திருகி, விரலில் சுற்றிக்கொண்டு பாடுவாய். நான் பாட்டை மட்டும்தான் கேட்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்து நாய் ஒன்று வந்து அந்தச் சட்டை நுனியை எனக்குக் காட்டியிருக்கிறது. உன் அம்மாவிடம் சொன்னேன், "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

காயப்பட்ட நாயைப் பற்றிய உன் கவலை சாதாரணமானதில்லை. 2007இல் வர்ஜீனியாவில், நாய்ச் சண்டை நடத்திய ஒரு பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரரின் இடத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட நாய்களை மொத்தமாகக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். இந்த முறை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க நீதிமன்றம் இடம் கொடுத்தது. நாற்பதுக்கும் மேல் பிழைத்தன. சில கடைசிவரை அந்நியரைக் கண்டு நடுங்கிக்கொண்டே காப்பகத்தில் வாழ்ந்தன. வேறு சில தெரபி நாய்களாகி நோயாளிகளிடம் போயின. அடிபட்டது என்பதை வைத்து ஒரு நாயைப் பற்றி எதையும் முடிவு கட்ட முடியாது, இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி.

நீ வரும்போது ஒன்று செய். வாசலில் அழைப்பு மணி அடிக்காதே, எனக்குப் போன் பண்ணு. உள்ளே வந்ததும் அவளைப் பார்க்காமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்துகொள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதே. அவளே வருவாள். முகவாயைக் கொண்டுவந்து எங்கே வைப்பாள் என்று உனக்குத் தெரியும். அம்மாவின் சால்வையை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பதால் புதிதாக ஒன்று வாங்கி வந்தால் நல்லது. இரண்டாக வாங்கு.

வேலைக்குப் போகும் நாளில் அவளுக்கு ஒரு பச்சைச் சட்டை உண்டு. கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே தாழ்த்திப் பிடிப்பேன், நானாக மாட்டிவிடமாட்டேன். வழக்கமாக வால் சுவரில் அடிபட ஓடிவந்து அவளே தலையை உள்ளே நுழைப்பாள். நேற்றும் பிடித்தேன். வந்தாள், மோந்து பார்த்தாள், திரும்பிப் போய் ஜன்னலடி வெயிலில் படுத்துவிட்டாள். சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, இன்றைக்கு நாங்கள் வரவில்லை என்று போன் பண்ணிச் சொன்னேன். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

அன்புடன்,
அப்பா