அந்த நாலு கல்லுதான் சார் விஷயமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையில, ரைட் சகோதரர்கள் நினைவிடத்தப் பத்தி "நாலு கல்லைத் தவிர பாக்க ஒண்ணுமில்ல"ன்னு ஒரு வரி. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல.

1903 டிசம்பர் 17 காலையில, அந்த நினைவிடம் இருக்குற கில் டெவில் ஹில்ஸ்ல நாலு தடவ பறந்தாங்க, ஒவ்வொரு தடவையும் எங்க தரை தொட்டாங்களோ அங்க ஒரு கல்லு. மக வீட்டுக்குப் போயிருந்தப்ப முட்டி வலியோட அந்த நாலையும் நடந்தே பாத்தவன் நான். ஆர்வில் 12 செகண்ட் பறந்த முதல் கல்லு கிளம்பின இடத்துலேர்ந்து 120 அடிதான், அடுத்த ரெண்டும் கிட்டக்கவே இருக்கு, நாலாவதுக்குத்தான் நடக்கணும், 852 அடி, வில்பர் 59 செகண்ட். கடக்காத்து மூஞ்சியில அடிக்குது, புல்லுல நெருஞ்சி மாதிரி முள்ளு, அப்படி நடந்தாதான் தெரியுது ஒரே காலையில அவங்க எவ்வளவு தூரம் வந்துட்டாங்கன்னு.

இதுல "குன்று மேலேர்ந்து பறந்தாங்க"ன்னு வேற. குன்றுலேர்ந்து விட்டது இன்ஜின் இல்லாத கிளைடர். மூணு நாள் முன்னாடி சரிவுல இன்ஜினோட விட்டுப் பாத்தது எழும்பி உடனே விழுந்துடுச்சு, அவங்களே அத கணக்குல சேக்கல. சமதரையில, எதிர்க்காத்துல, சொந்த பலத்துல எழும்பினதாலதானே அதுக்கு முதல் விமானப் பயணம்னு பேரு, உங்களுக்குத் தெரியாததா?

முன்னாடி ஒருதரம் சிறுவர் பக்கத்துல "அதிர்ஷ்டக்கார சைக்கிள் கடைக்காரங்க"ன்னு போட்டீங்க. 1901-ல காத்த ஊதிவிட்டு இறக்கைய சோதிக்கிற காத்துக்குழாய் (wind tunnel) செஞ்சு இருநூறு விதமான இறக்கைய சோதிச்சவங்க அவங்க, அதிர்ஷ்டம் எங்கேர்ந்து வந்துச்சு? அப்பவே கார்டு போட்டேன், பதில் இல்ல. வருஷா வருஷம் டிசம்பர்ல அந்த முதல் தடவ பறந்தப்ப எடுத்த அதே போட்டோ போடுறீங்க, அத எடுத்த ஜான் டேனியல்ஸ் பேர ஒருதரம்கூட போட்டதில்ல. கடல் மீட்பு நிலையத்து ஆளு, அதுவரைக்கும் கேமராவே தொட்டதில்ல. சார்லி டெய்லர் பேரையும் அப்படித்தான் விட்டுட்டீங்க. டேட்டன்ல அந்த சைக்கிள் கடையிலயே ஆறு வாரத்துல 12 குதிரைசக்தி இன்ஜின செஞ்சு குடுத்த மனுஷன். பஸ் டிப்போவுல இன்ஜின் வேலை பாத்து ரிடையர் ஆனவன் நான், மெக்கானிக் பேர விட்டா வலிக்குது சார்.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க, பறந்தது சமதரையிலேர்ந்துன்னு, அந்தக் கல்லுங்க இருக்குற தூரம் 120, 175, 200, 852 அடின்னு. டெய்லர் பேரும் அதுல வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்