பிளேயரைப் பற்றி வாப்பா கேட்டது

ஈஸ்ட்ஹாம், லண்டன்
14 நவம்பர் 2005

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதிய கடிதம் பெருநாளைக்கு மறுநாள் கிடைத்தது. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று லாத்தா சிரிப்பாள். ஆனால் போன் கார்டில் உம்மாவின் அழுகையும் தங்கச்சியின் சாமான் பட்டியலும் முடிந்து வாப்பா கைக்குப் போன் வருவதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதுவும் போக, வாப்பா கேட்டிருக்கிற விஷயத்தையெல்லாம் போனில் பேசவே கூடாது என்கிறான் என்னோடு தங்கியிருக்கும் அதிராம்பட்டினத்துப் பையன். அவனுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

முதலில் உம்மாவுக்கு ஒன்று. பாரிஸ் வேறு, லண்டன் வேறு, நடுவில் கடல் இருக்கிறது. டிவியில் கார்கள் எரிகின்றனவே, அது பிரான்ஸ். அங்கே போலீஸுக்குப் பயந்து மின்சார நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு பையன்கள் கரண்ட் அடித்துச் செத்துப்போனதில் தொடங்கிய கலவரம் அது. இங்கே ஒரு காரும் எரியவில்லை. ஆகவே யாஸீன் ஓதுவதை ஓதுங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

குளிர் வந்துவிட்டது. நோன்பு தொடங்கியபோது ஆறரைக்கு மஃரிப், அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார்கள், அதன்பிறகு நாலரைக்கெல்லாம் நோன்பு திறந்துவிட்டோம். இப்போது நாலு மணிக்கே இருட்டு. புது அறை பழையதைவிடச் சின்னது, ஆனால் சின்ன அறை என்றால் சூடு சீக்கிரம் ஏறும், நல்லதுதான். கேஸுக்குக் கார்டில் முன்பணம் ஏற்றினால்தான் மீட்டர் ஓடும், அதனால் வீண் செலவே கிடையாது. வேலையும் முன்போல இடுப்பொடிக்கவில்லை, ஜூலைக்கு அப்புறம் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், திங்களும் செவ்வாயும் ஓய்வு. இன்றைக்கு எழுத நேரம் கிடைத்தது அதனால்தான்.

சரி, வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்துப் பிரதமர் பிளேயர் எல்லா முஸ்லிம்களையும் பிடித்து உள்ளே போடப் போகிறான், வெள்ளைக்காரன் அத்தனை பேரும் அவன் பின்னால்தான் நிற்கிறான் என்று சதுக்கைத் தெரு மாமா டீக்கடையில் அடித்துப் பேசியதாகவும், அது மெய்தானா, அந்த ஊர் ஜனங்கள் என்னதான் நினைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி தவறாமல் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்கிற உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும் வாப்பா. எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படி, ரயில், அப்புறம் பக்கத்து வீட்டுக் கிழவர்.

கிழவரைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேன், நரிக்குச் சோறு வைப்பாரே, அவர்தான். லண்டனில் நம் ஊர்ப் பூனை மாதிரி நரி திரியும் என்று சொன்னால் உம்மா நம்பவில்லை. கப்பல் துறையில் மூட்டை தூக்கி, துறையை மூடியபோது வீட்டுக்கு வந்தவர், பெண்சாதி மௌத்தாகி ரொம்ப நாளாகிறது, பேசுவதற்கு ரேடியோவைத் தவிர யாரும் கிடையாது, அதனால் ரேடியோவோடு பேசுவார். பேசுவது என்ன, சண்டை. பிளேயர் குரல் வந்தால் சுவர் வழியாகவே எனக்குத் தெரியும், கிழவர் பொய்யன் பொய்யன் என்று கத்துவார். பிளேயரைப் புஷ் வளர்க்கிற சடை நாய் என்பார், இந்த ஊரில் அது எல்லோரும் சொல்லும் கேலிதான். 2003 பிப்ரவரியில் ஈராக் போர் வேண்டாம் என்று பத்து லட்சம் பேர் ஹைட் பார்க்குக்கு ஊர்வலம் போனார்களே, இவரும் ஊன்றுகோலோடு போயிருக்கிறார். போன வருஷம் அமெரிக்காவில் புஷ் மறுபடி ஜெயித்தபோது, ஐந்து கோடியே தொண்ணூறு லட்சம் பேர் எப்படி இவ்வளவு முட்டாள்களாக இருக்க முடியும் என்று டெய்லி மிரர் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டதல்லவா, அந்தப் பக்கத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் அத்தனை பேரும் பின்னால் நிற்கிறான் என்பது சரியில்லை. மே மாதத் தேர்தலில் பிளேயர் மூன்றாம் முறையாக ஜெயித்தாலும் ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 35 பேர்தான் அவர் கட்சிக்குப் போட்டார்கள், 167 ஆக இருந்த பெரும்பான்மை 66 ஆனது. நம் பக்கத்துத் தொகுதி பெத்னல் கிரீனில் வங்காளி முஸ்லிம்கள் சேர்ந்து, போரை எதிர்த்த ஜார்ஜ் கேலவேயை 823 ஓட்டில் ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

ஆனால் அதே கிழவர் ஜூலையில் வேறு ஆளாகிவிட்டார்.

ஏழாம் தேதி இங்கே குண்டு வெடித்ததைத் திரும்ப எழுதவில்லை, உம்மாவுக்குப் படித்துக் காட்டுவீர்கள். பஸ் வெடித்த டாவிஸ்டாக் சதுக்கம் எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம். நடுவில் பூங்கா, பூங்காவில் காந்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிற சிலை, மத்தியானம் ஓய்வில் அங்கே போய் உட்காருவேன். டாக்டர்கள் சங்கக் கட்டிடத்தின் வாசலில்தான் பஸ் வெடித்தது, கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டர்களே ஓடிவந்து ரோட்டில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். மூன்று ரயில், ஒரு பஸ், 52 உயிர். செத்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. செய்த நாலு பேரில் மூன்று பேர் லீட்ஸ் பக்கம் வளர்ந்த பிள்ளைகள், அவர்களில் மூத்தவன் சித்தீக் கான் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் உதவி செய்தவன். நாங்கள் போரில் இருக்கிறோம், நான் ஒரு சிப்பாய் என்று அவன் பேசி வைத்த படத்தைச் செப்டம்பரில் டிவியில் போட்டார்கள். அவன் பேசிய இங்கிலீஷ் கிழவர் பேசுகிற மாதிரிதான் இருந்தது. யார் பேரைச் சொல்லி யாரைக் கொன்றான்? ஈராக்கில் குண்டு விழுகிறது என்றால் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் என்ன செய்தார்கள்? எனக்கு இன்னும் ஆறவில்லை வாப்பா.

அந்த வாரம் கிழவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, உங்கள் பள்ளிவாசலை நீங்கள்தான் சுத்தம் பண்ண வேண்டும், உங்கள் ஆட்களை நீங்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. பத்து லட்சம் பேர் சேர்ந்து போயும் உங்களால் ஒரு பிளேயரைத் தடுக்க முடியவில்லை, லீட்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, நான் யாரைப் போய்த் தடுப்பது என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போனவர் கொஞ்ச நாள் பேசவே இல்லை. அப்புறம் டிவி ஆண்டெனாவைத் திருப்ப ஆள் வேண்டும் என்று வந்து நின்றார், போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

கிழவர் மட்டுமில்லை, ஊரே இப்படித்தான் இருக்கிறது. குண்டு வெடித்த பத்துப் பன்னிரண்டு நாளில் கார்டியன் பத்திரிகை கருத்துக்கணிப்பு எடுத்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர், ஈராக்குக்குப் படை அனுப்பியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், பிளேயர் இல்லவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. இதே ஊர் ஜனங்களில் பெரும்பாலானவர்கள்தான், சந்தேகப்பட்ட ஆளைக் குற்றம் பதியாமல் 90 நாள் அடைத்து வைக்கிற அதிகாரத்தைப் பிளேயர் கேட்டபோது கொடுக்கலாம் என்றார்கள். இப்போது இருப்பது 14 நாள். போன புதன்கிழமை பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு, எதிர்த்து 322, ஆதரித்து 291. பிரதமரான நாளிலிருந்து பிளேயர் சபையில் தோற்றது இதுதான் முதல் தடவை, அவர் கட்சி ஆட்களே 49 பேர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். 28 நாளுக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். எனக்குப் படுவது இதுதான் வாப்பா. இவர்களுக்குப் பிளேயர் மேல் நம்பிக்கை போய்விட்டது, ஆனால் எங்களைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது, பயம் வந்தால் நம்பாத ஆளிடமும் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். தடுத்தது ஜனங்கள் இல்லை, சபையில் இருந்தவர்கள். மாமா இதை ஒப்புக்கொள்ள மாட்டார், தெரியும். ஆனால் நம் நாட்டுப் பொடா சட்டத்தில் 180 நாள் இருந்தபோது அதே டீக்கடையில் எத்தனை பேர் பேசினோம்? கோயம்புத்தூர் குண்டுவெடிப்பு வழக்கில் பிடித்துப் போன பையன்கள் ஏழு வருஷமாகத் தீர்ப்பு இல்லாமல் உள்ளே கிடக்கிறார்கள், அவர்கள் உம்மாமாருக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள்?

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தேர்தல் சமயம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், ஓட்டுப் போடுவது ஹராம் என்று நோட்டீஸ் கொடுக்கிற கூட்டம் ஒன்று நிற்கும், இங்கேயே பிறந்த பையன்கள், நல்ல செருப்பு, நல்ல போன். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவார்கள், வம்பு எதற்கு என்று நானும் அப்படித்தான் போனேன். உமர் பக்ரி என்று ஒரு சிரியாக்காரர், இந்த அரசாங்கம் கொடுக்கிற உதவிப் பணத்தில் சாப்பிட்டுக்கொண்டே இந்த அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர், ஆகஸ்டில் லெபனானுக்குப் போனார், திரும்பி வராதே என்று கதவை அடைத்துவிட்டார்கள். அவர் போனதில் எங்கள் பள்ளியில் யாருக்கும் வருத்தமில்லை. பேசியவர் போய்விட்டார், பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

அதிராம்பட்டினத்துப் பையன் இப்போது முதுகில் பை மாட்டுவதில்லை, ரயிலுக்கு ஓடுவதில்லை. ஸ்டாக்வெல்லில் பிரேசில் நாட்டு எலெக்ட்ரீஷியன் ஒருவரைத் தீவிரவாதி என்று நினைத்துப் போலீஸ் சுட்டுக் கொன்றதிலிருந்து அப்படி. அந்த ஆளும் நம் நிறம். என்னையும் ஒரு ஸ்டேஷன் வாசலில் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள், உம்மா பதற வேண்டாம். உள்ளே உம்மா அனுப்பிய மாசிக் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. அதை முகர்ந்து பார்த்த போலீஸ்காரர் அதற்கப்புறம் பையில் வேறு எதையும் பார்க்கவில்லை, போகலாம் என்று சொல்லிவிட்டார். ரயிலில் பக்கத்து இடம் காலியாக இருக்கும், காலை நீட்டி உட்காரலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பெருநாள் நன்றாகக் கழிந்தது. காலையில் தொழுதுவிட்டு வேலைக்குப் போனேன், வியாழக்கிழமை லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை. கடையில் பிரியாணி இருந்தது. லாத்தா வட்டிலப்பம் செய்தாளா? தங்கச்சி போனில் மஞ்சள் வாடா சாப்பிட்டதாகச் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை, லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் நீங்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள், பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து, வாப்பா சட்டைப் பையில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு, வர மாட்டேன் வர மாட்டேன் என்று உம்மா சொல்லிவிட்டுக் கடைசியில் எல்லோருக்கும் முன்னால் முடுக்கில் இறங்கி நடந்திருப்பார்கள். ஒரு பெருநாளாவது, ஒரே ஒரு பெருநாளாவது வந்துவிட்டுப் போனால் போதும் வாப்பா. இன்ஷா அல்லாஹ். விசா விஷயம் முடியட்டும்.

இனி வீட்டு விஷயம். தங்கச்சி மாப்பிள்ளை வீட்டார் தனி வீடுதான் வேண்டும், மேல்மாடி எடுத்துக் கொடுத்தால் போதாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லாத்தாவுக்குக் கொடுத்ததும் உம்மா வீட்டைப் பிரித்துக் கொடுத்த பாதிதானே, அப்போது யாரும் குறை சொல்லவில்லை. அவசரப்பட்டு ஆறுமுகநேரி மனையை விற்க வேண்டாம், இப்போது விற்றால் பாதி விலைதான் வரும். ஹாங்காங் மச்சான் கைமாற்றாகத் தருகிறேன் என்று தானாகவே சொன்னார் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள், நான் அடைக்கிறேன். இந்த மாதம் அனுப்பியது குறைவு என்று காக்கா சொன்னானாம். நோன்பில் சதக்கா, ஃபித்ரா எல்லாம் போனதில் அப்படி ஆகிவிட்டது, தை மாதத்துக்குள் சேர்த்து அனுப்புகிறேன். நிக்காஹ் தேதியை மட்டும் ஹஜ் பெருநாளை ஒட்டி வைக்காமல் ரபீயுல் அவ்வலுக்குத் தள்ளிப் போட முடியுமா என்று மாமியிடம் நயமாகப் பேசிப் பாருங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், வாப்பாவின் கண் ஆபரேஷனைக் காரணமாகச் சொல்லுங்கள். ஆபரேஷனையும் தள்ளிப் போடாதீர்கள், தூத்துக்குடியிலேயே செய்துகொள்ளலாம், திருநெல்வேலி வரை அலைய வேண்டாம்.

முடுக்குச் சுவர் தகராறில் காக்கா கையெழுத்து எதுவும் போட வேண்டாம். தாய்ப்பத்திரம் உம்மாவின் இரும்புப் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது, அதை நகல் எடுத்துப் புது விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், இங்கே நம் ஊர் வக்கீல் ஒருவர் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த மாதம் கோமான் தெருவிலிருந்து வருகிறவரிடம் மாசி கொடுத்து அனுப்ப வேண்டாம், கஞ்சிப்பொடி மட்டும் போதும்.

வஸ்ஸலாம்,
உங்கள் மகன்