முதுகெலும்புச் சிகிச்சைக்கு மொத்தமாகப் பணம் கட்டுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரங்காடிகளில் மேசை போட்டு, நடந்து போகிறவர்களை நிறுத்தி, முதுகெலும்பை இலவசமாகச் சோதிப்பதாகச் சொல்லி, பிறகு பல மாதங்களுக்கான கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும்) சிகிச்சைத் தொகுப்பை விற்பதை நம் மலேசியாவில் பார்க்கிறோம். அச்சிகிச்சையே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அரசு மருத்துவமனையொன்றில் பிசியோதெரபிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், அதனால் இடுப்புவலி தணிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். எத்தனை முறை வர வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்று கேட்காமலே பலர் ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டைக் கட்டிவிடுவதுதான் கவலை தருகிறது.

முதல் நாளின் பெரும்பகுதி விசாரிப்பிலும் பரிசோதனையிலும் கழிய வேண்டும். வலி காலுக்கு இறங்குகிறதா, அண்மையில் கீழே விழுந்தது உண்டா, எலும்பு வலுவிழந்திருக்கிறதா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறாரா, முன்பு புற்றுநோய் இருந்ததா என்றெல்லாம் கேட்காமல் கழுத்தைத் திருப்ப வருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். எக்ஸ்ரே எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. நடுவயதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாதபோதும் படத்தில் தேய்மானம் தெரியும். அதைக் காட்டி அச்சுறுத்துவது மிக எளிது.

அழுத்தும்போது கேட்கும் 'மடக்' என்ற ஓசை, மூட்டுத் திரவத்தில் உருவாகும் வாயுக் குமிழியால் எழுவதே தவிர, விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்ததற்கு அடையாளம் அன்று. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடம்பு வலிப்பதும் விறைப்பாக இருப்பதும் பலருக்கும் நேர்பவை.

புதிதாக வந்த இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும் என்பதால், குணமடைந்த பெருமை யாரைச் சேரும் என்று சொல்வது கடினம். இத்தகைய வலிக்கு மாத்திரைகளுக்கு முன் முயன்று பார்க்கத்தக்க வழிகளில், வெப்ப ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றுடன் முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சேர்த்தது. ஆனால் அதற்கான சான்று வலுவானதன்று என்றும் அதே வழிகாட்டுதல் குறிப்பிட்டது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ, உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. எனவே வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லித் தராத சிகிச்சை அரைகுறையானது. நான்கைந்து முறை சென்றும் குனிவதிலோ நடப்பதிலோ தூங்குவதிலோ முன்னேற்றம் இல்லையென்றால், மீதித் தொகுப்பைத் தொடரச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பிவைப்பவரே நேர்மையானவர். ஆஸ்துமாவும் குழந்தைகளின் காதுத் தொற்றும் இதனால் தீரும் என்பாரை நம்ப இடமில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் கைரோபிராக்டிக்கையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்க நோயாளி தயங்க வேண்டியதில்லை.

கழுத்தைத் திருப்பும் முறையில் மிக அரிதாக இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. சிகிச்சைக்குப் பின் இதுவரை அறியாத கடுந்தலைவலி, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல் தோன்றினாலும், இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும், தொடைகளின் உட்பகுதி மரத்துப்போனாலும், மறுமுறை சந்திப்புக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கிள்ளான்