குட்டியோடு அதன் வரலாற்றையும் கொடுங்கள்: கிங்ஸ்னேக் வளர்த்து விற்போருக்கு ஒரு திறந்த மடல்

கிங்ஸ்னேக் என்னும் நஞ்சற்ற அமெரிக்கப் பாம்புகளை இணைசேர்த்துக் குட்டிகளை விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் பல ஆண்டுகளாகப் பாம்பு வாங்கி வளர்த்து வருகிறேன். அண்மையில், முதன்முதலாகக் கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் வாங்கிய இளைஞர் ஒருவர் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை என்னிடம் காட்டினார். "அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். 'பனானா, ஹெட் அல்பினோ' என்று எழுதியிருந்தது. விற்றவரிடம் கேட்டிருக்கிறார், "அருமையான நிறம், தைரியமா வாங்குங்க" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

அந்தச் சீட்டில் இருந்த இரண்டு சொற்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 'பனானா' தனி மரபணு ஒன்றின் பெயரல்ல. மஞ்சள் மிகுந்த பாம்புகளையே பல தலைமுறை தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததால் வந்த நிறம் அது. அடுத்த தலைமுறையில் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அல்பினோ என்பது கருநிறமி இல்லாத வெளிறல், ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அதுதான் 'ஹெட்'. பார்வைக்குச் சாதாரணப் பாம்புதான். இரண்டு ஹெட்களை இணைத்தால் ஒவ்வொரு முட்டையிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அல்பினோவுக்கு. மற்ற குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த மரபணுவைச் சுமக்கும், எவை என்று கண்ணால் சொல்ல முடியாது. '66% ஹெட்' என்று எழுதும் வழக்கம் அப்படி வந்தது. அந்த 66ஐ விட்டுவிட்டு வெறும் 'ஹெட்' என்று எழுதி விற்றால், வாங்கியவர் இரண்டு மூன்று ஆண்டு வளர்த்து, இணைசேர்த்து, முட்டை பொரிந்த பிறகுதான் ஏமாந்தது தெரியும். அதற்குள் உங்களைத் தேடிப்பிடிப்பதும் கடினம்.

வெளிறிய பாம்பு எல்லாம் ஒன்று என்று சொல்லி விற்பதும் இதே போன்றதுதான். இரண்டு வெளிறல்கள் வெவ்வேறு ஒடுங்கு மரபணுக்களால் வந்தவை என்றால், அவற்றை இணைத்துப் பெறும் குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறத்தில்தான் பிறக்கும்.

உடலில் உள்ள கோலத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. உடலைச் சுற்றி வளையம் போட்ட கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்கையும் முதுகு நெடுகக் கோடு ஓடும் பாம்பையும் ஒரு காலத்தில் இரண்டு தனி இனங்களாகவே கருதினார்கள். 1930களில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரைச் சேர்ந்த பாம்பு ஆய்வாளர் லாரன்ஸ் கிளாபர், ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே வளையக் குட்டியும் கோட்டுக் குட்டியும் வருவதைக் காட்டினார். பொரியும் காலத்தில் வெப்பம் தவறினால்கூட கோலம் கலைந்த குட்டி வரலாம். அது அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஒரே ஒரு விசித்திரக் குட்டியைப் பார்த்துப் புதுப்பெயர் சூட்டும் அவசரம் ஏன்?

என் வீட்டுப் பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெக்சிகன் பிளாக் என்னும் கறுப்புக் கிங்ஸ்னேக் என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்றார். அந்த இனத்தின் தூய குட்டிகளிலும் தாடையடியில், கழுத்தில் வெளிர்புள்ளிகள் சில இருக்கலாம். வளர வளர மறைந்து முழுக் கறுப்பாகும். அதனால் புள்ளிகளைப் பார்த்து நான் சந்தேகப்படவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு காலை, அப்போதுதான் சட்டை உரித்திருந்தது. ஜன்னல் வெயிலில் கையில் எடுத்தேன். விலாப்புறத்தில், ஈரத்துணியில் தெரியும் பழைய கறையைப் போல, பழுப்பு வளையங்கள் வரிசையாக மங்கித் தெரிந்தன. திருப்பிப் பிடித்தால் மறைந்தன, மறுபடி சாய்த்தால் தெரிந்தன. விற்றவரிடம் கேட்டேன். அதன் பாட்டி கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் என்றார், முன்பே எனக்குத் தெரியும் என்பது போல. அந்தப் பாம்பை நான் விட்டுவிடவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் தூய இனம் என்று நம்பி அதன் குட்டிகளை மற்றவர்களுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பொய்யை நானும் சுமந்திருப்பேன். கலப்பினம் வளர்ப்பது உங்கள் விருப்பம். கலப்பு என்று எழுதுங்கள், அவ்வளவுதான்.

நிறம் மாறும் குட்டிகளைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபுளோரிடா கிங்ஸ்னேக் குட்டியின் சிவப்பைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர், அந்தச் சிவப்பு மங்கி உடலெங்கும் மஞ்சள் பரவும்போது பாம்புக்கு நோய் என்று பயப்படுகிறார். வளர்ந்த தாயின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு, என்னைத் தூங்கவிடாதது அதுதான். ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் 1998இல் கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்குகள் முதன்முதலாகக் காட்டில் காணப்பட்டன. அவற்றில் அல்பினோக்கள் ஏராளம், முதுகுக்கோடு உள்ளவையும் உண்டு. காட்டில் அபூர்வமான அந்த வெண்மையே, அவை யாரோ வளர்த்த பாம்புகளின் வழி வந்தவை என்பதற்குச் சாட்சி. பாம்புகள் பரவிய பகுதிகளில் அந்தத் தீவுக்கே உரிய பெரும்பல்லிகள் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிங்ஸ்னேக் சிறு இடுக்கிலும் தலையை நுழைத்துத் தப்பிவிடும். நிறத்தைப் பத்து நிமிடம் வர்ணிக்கிற நீங்கள், பூட்டுள்ள மூடி வேண்டும் என்பதை ஒரு நிமிடம் சொல்லக் கூடாதா? ஒரே பெட்டியில் இரண்டு வைத்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடக்கூடும் என்பதையும்?

உங்களில் பலர் ஒவ்வொரு முட்டைக்கும் நாள் குறித்துப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து தாய் தந்தையின் படம், பொரிந்த தேதி, உறுதியான மரபணு எது, ஊகம் எது என்பதை ஒரு தாளில் எழுதிக் குட்டியோடு கொடுங்கள். மூதாதையர் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அந்தச் சொல்லைப் பார்த்து நான் வாங்காமல் போனதில்லை.

அந்த இளைஞர் இரண்டாவது பாம்புக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இந்த முறை என்ன கேட்க வேண்டும் என்பதை எழுதி வைத்திருக்கிறார். அவர் வரும்போது பதிவேட்டை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் வாங்கி வளர்க்கும் ஒருவன்