வாரத்துக்குப் பயிரிடுபவர்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தோனேசியக் கிராமங்களின் முன்னேற்றம் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பெரும்பகுதி நாங்கள் குடியிருக்கும் கிளாத்தேன் மாவட்டத்தைப் பற்றியது. மத்திய ஜாவாவில், மெராப்பி எரிமலைக்குத் தென்கிழக்கே இருக்கிறது இந்த மாவட்டம். என் கணவருக்கு இங்கே நூற்பாலையில் வேலை. வாடகை வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தால் நெல்வயல். கட்டுரையாளர் எழுதியிருக்கும் கான்கிரீட் சாலை, கரை கட்டிய வாய்க்கால், புதிதாக வண்ணம் அடித்த சமுதாயக் கூடம் எதுவும் மிகையில்லை. ஆனால் அவர் பேட்டி கண்டவர்கள் கிராமத் தலைவர், செயலர், சொந்த நிலம் வைத்திருக்கும் பெரியவர்கள். அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி எடுத்து, சேற்றில் இறங்குகிறவர் ஒருவர்கூட அந்தக் கட்டுரையில் வாய் திறக்கவில்லை.

2014-ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் நல்ல சட்டம்தான். 2015 முதல் நடுவண் அரசின் பணம் நேராகக் கிராமங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டு வருகிறது. 2025-இல் ஒதுக்கியது 71 டிரில்லியன் ரூபியா. கிராமங்கள் சுமார் 75,000. இந்த நிதிக்குச் சாட்சியாகக் கட்டுரையாளர் போங்கோக் கிராமத்தைக் காட்டுகிறார். ஊற்றுக் குளத்துக்குள் மோட்டார் சைக்கிளையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் இறக்கிவைத்து, தண்ணீருக்கடியில் படம் பிடித்துக்கொள்ள ஆட்களை வரவழைத்த ஊர் அது. அந்தக் கிராம நிறுவனம் ஆண்டுக்கு 10 பில்லியன் ரூபியாவுக்கு மேல் வரவு பார்த்ததும் உண்மை. ஆனால் அது தொடங்கியது 2009-இல், கிராம நிதி வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு. அவர்களுக்கு ஊற்று இருந்தது, பிழைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊற்றில்லாத ஊர்களும் குளம் வெட்டின, மூங்கிலில் செல்ஃபி மேடை கட்டின. ஒரு விடுமுறைக் காலம் கூட்டம் வரும். பிறகு மூங்கில் மக்கும்.

இனி நெல் கணக்குக்கு வருகிறேன். இங்கே வயலைப் ‘பாத்தோக்’ என்ற அளவில் சொல்வார்கள். ஏறக்குறைய அரை ஏக்கர். ஹெக்டேருக்கு ஐந்தரை டன் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாத்தோக்கில் 1,100 கிலோ நெல். 2025 ஜனவரி முதல் அரசுக் கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. ஆக ஒரு போகத்துக்கு 71.5 லட்சம் ரூபியா. வாரத்துக்கு எடுத்தவர் இதில் பாதியை நிலத்துக்காரருக்கு அளந்துவிட வேண்டும். மிஞ்சுவது சுமார் 36 லட்சம். அதே மாவட்டத்தில் 2025-இன் குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஏறக்குறைய 23.9 லட்சம். நான்கு மாதம் குனிந்து நிமிர்ந்த குடும்பத்துக்குத் தொழிற்சாலைப் பையனின் ஒன்றரை மாதச் சம்பளம்! உரமும் உழவும் யார் செலவு என்பது வாய்ப்பேச்சைப் பொறுத்தது. வாரத்துக்குப் பயிரிடும் எங்கள் பக்கத்து வீட்டு இபு (அம்மா) விஷயத்தில் அதுவும் அவர்கள் தலையில்தான்.

இவர்கள் விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அரை ஹெக்டேர்கூட இல்லாமல் பயிர் செய்யும் குடும்பங்கள் நாடு முழுவதும் 2013 விவசாயக் கணக்கெடுப்பில் 1 கோடியே 42 லட்சம். 2023-இல் அது 1 கோடியே 68 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிதி பாய்ந்த பத்தாண்டில்தான் இதுவும் நடந்தது.

சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயலோரம் வரை கான்கிரீட் போட்டதில் அறுவடை இயந்திரம் சுலபமாக உள்ளே வருகிறது. அந்தக் காலத்தில் உள்ளங்கையில் அடங்கும் ‘ஆனி-ஆனி’ என்ற சிறு கத்தியால் பெண்கள் கதிர் கதிராக அறுப்பார்களாம். அறுத்ததில் ஒரு பங்கு நெல் அவர்களுக்கு. அதற்குப் ‘பாவோன்’ என்று பெயர். யார் வயலிலும் யாரும் இறங்கலாம், அக்கம்பக்கத்தாரை வராதே என்று சொல்வது அசிங்கம். 1970-களில் குட்டை ரக நெல்லும் அரிவாளும் வந்தன. நிற்கும் பயிரை மொத்தமாக விலை பேசி, தன் ஆட்களோடு வந்து அறுத்துப்போகும் வியாபாரியும் வந்தார். பாதிப் பெண்களுக்கு அப்போதே வேலை போயிற்று. மீதிப் பேரை இப்போது இயந்திரம் வரப்பில் உட்கார வைத்துவிட்டது. எங்கள் தெரு அரிசான் சீட்டில், சாலை போட்டதும் பாவோன் போச்சு என்று பெண்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நெல்லுக்கு ஈடாக என்ன என்று கிராமக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமலா? 1960-ஆம் ஆண்டின் வாரச் சட்டப்படி ஒப்பந்தம் கிராமத் தலைவர் முன்னிலையில் எழுத்தில் இருக்க வேண்டும், நஞ்சைக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. அதே ஆண்டின் இன்னொரு சட்டம், ஒவ்வொரு உழவர் குடும்பத்துக்கும் 2 ஹெக்டேர் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. இரண்டும் இன்றும் ரத்தாகவில்லை. 1964-இல் இவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி உழவர்கள் தாங்களாகவே வயலில் இறங்கிய ஊர்களில் கிளாத்தேன் முக்கியமானது. 1965-66-இல் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டி நடந்த படுகொலைகளில் அவர்களில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அதன்பின் நிலப் பங்கீடு என்று வாயெடுத்தாலே கம்யூனிஸ்ட் முத்திரை. பக்கத்து வீட்டில் எதைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒப்பந்தத்தை எழுதி வாங்குவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு சமையலுக்குத் திரும்பிவிடும்.

பிள்ளைகள் வயலுக்கு வருவதில்லை என்று கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் நானும் அனுப்பமாட்டேன். மாவட்டத்தின் வறண்ட தெற்குப் பகுதியிலிருந்து போனவர்கள்தான் யோக்யகார்த்தாவிலும் சோலோவிலும் ‘அங்கிரிங்கான்’ என்ற தள்ளுவண்டித் தேநீர்க் கடைகளை நிரப்பினார்கள். கிழக்கு ஜாவாவின் பொனொரோகோ, துலுங்காகுங் பக்கம் போனால் ஹாங்காங்கிலும் தைவானிலும் வீட்டுவேலை செய்யும் அம்மாக்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த டைல்ஸ் வீடுகள். பிள்ளையை வளர்ப்பது பாட்டி. அந்த வீடுகளையும் கிராம முன்னேற்றத்தில்தான் சேர்க்கிறார்கள்.

2024-இல் எங்கள் வழியாகச் சுங்கச் சாலை திறந்தார்கள். நிலம் கொடுத்தவர்களுக்கு நல்ல விலை, புதுக் கார். வாரத்துக்கு உழுதவருக்கு அந்தப் போகத்தோடு சரி.

இப்போது புதிதாகச் ‘செம்வெள்ளைக் கூட்டுறவு’ என்று, நாட்டுக் கொடியின் நிறத்தைப் பெயராகக் கொண்ட அரசுத் திட்டம். அதிபர் பிரபோவோ 2025 ஜூலை 21 அன்று இதே கிளாத்தேனில் தொடங்கிவைத்தார். கிராமங்களும் நகர வார்டுகளுமாக 80,000-க்கும் மேற்பட்ட இடங்களில் ஒவ்வொன்று. கூட்டுறவு ஒன்று 3 பில்லியன் ரூபியா வரை கடன் வாங்கலாம், திருப்ப முடியாமல் போனால் கிராம நிதி தாங்கும் என்பது 2025-இல் போட்ட ஏற்பாடு. சாலைக்கு வந்த பணம் கூட்டுறவின் கடனுக்குப் போய்விடுமோ என்று இங்கே பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. முன்னாள் அதிபர் சுகார்த்தோ காலத்திலும் மேலிருந்து இறங்கிய கூட்டுறவுகள் இருந்தன, அவை எப்படி முடிந்தன என்று ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் சொல்வார்.

ஆனாலும் அந்தக் கூட்டுறவால் ஒன்று செய்ய முடியும். கிராமத்துக்கே சொந்தமான வயல் உண்டு. தலைவருக்கும் அலுவலர்களுக்கும் ஊதியமாக ஒதுக்கிய ‘பெங்கோக்’ வயல் வேறு. இவற்றில் பலவும் ஆண்டுக் குத்தகைக்குப் போகின்றன. கையில் ரொக்கம் உள்ளவர் எடுத்து, அதையே இல்லாதவருக்கு வாரத்துக்கு விடுகிறார். அந்த வயல்களைக் கூட்டுறவே எடுத்து, நிலமில்லாத குடும்பங்களுக்கு எழுத்து ஒப்பந்தத்தோடு மூன்று ஆண்டுக்கு விட்டால் என்ன? புதுச் சட்டம் தேவையில்லை, 1960-ஆம் ஆண்டுச் சட்டமே போதும். 2024 முதல் தலைவர் பதவிக் காலம் எட்டு ஆண்டு; செய்து பார்க்க நேரமும் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால், தலைவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு அவர் முகத்தையும் படம் பிடித்துப் போடட்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். ஒரு கிராமத்துக்கு 2025-இல் சராசரியாக ஏறக்குறைய 1 பில்லியன் ரூபியா என்பதை உங்கள் கட்டுரை ‘5 கோடி ரூபாய்’ என்று மாற்றியிருக்கிறது. ஒரு சுழியம் கூடிவிட்டது. இன்றைய மதிப்பில் அது ஐம்பது லட்சம் ரூபாயை ஒட்டித்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளாத்தேன், மத்திய ஜாவா