கம்மாக்கரைக்கு டைல்ஸ் வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வயசானவங்க வாக்கிங் போறதுக்கு நம்ம ராமநாதபுரம் பக்கம் எடமே இல்லனு எல்லாரும் சொல்றாங்க, பீச்சுக்குப் போனா மணல்ல கால் பொதையும், முட்டிவலிக்காரங்களுக்கு அது ஆகாது, ரோட்டுல பஸ்ஸும் லாரியும் நடக்க விடாது. ஆனா கம்மாக்கரை, அதான் ஏரிக்கரை, இருக்கே! எங்கம்மாவ நான் அங்கதான் கூட்டிட்டுப் போறேன், ஏத்தம் எறக்கம் எதுவும் கெடையாது. தேங்குன தண்ணி எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்துலதான நிக்கும், கரையில ஒரு எடம் தாழ்ந்து போனாலும் அது வழியா வழிஞ்சு ஒடைச்சுக்கிட்டு போயிரும், அதனால மட்டம் பாத்துப் போட்ட கரை, வயலுக்குத் தண்ணி தெறக்குற மடையில ஆரம்பிச்சு மிச்சத் தண்ணி வெளிய போற கலுங்கு வரைக்கும் ஒரே சீரா போகும். (ஆர்.எஸ்.மங்கலம் கம்மாய 'நாரை பறக்காத 48 மடை'னு சொல்லுவாங்க, நாரையே பறந்து கடக்க முடியாத அளவுக்குப் பெருசாம், அங்க முழுசா நடக்கலாம்னு மட்டும் கெளம்பிராதீங்க.)

மார்கழி, தை மாசம் போனா ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் நெல்லு. தண்ணிக்குள்ள நிக்கிற நாட்டுக்கருவ மரத்துல கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, அருவாமூக்கன்லாம் கூடு கட்டிருக்கும், ஒரே சத்தம். வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிறணும், நம்ம ஊரு வெயில் பத்தி சொல்லவே வேணாம், பங்குனி வந்தா தண்ணியும் இருக்காது பறவையும் இருக்காது.

இப்படிப் பறவைங்க வர்ற நம்ம கம்மாய்கள்ல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022லயும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் 2025லயும் ராம்சர்ங்குற உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல சேந்துச்சு, நம்ம மாவட்டத்துக்குப் பெருமைதான். எனக்குப் பயம் என்னன்னா, எங்கயாச்சும் நீர்நிலைய அழகுபடுத்துறோம்னு ஆரம்பிச்சா மொத வேலையா பேவர் பிளாக்க பதிச்சு, கலர் லைட்ட போட்டு, செல்ஃபி பாயின்ட் வச்சிர்றாங்க. அப்புறம் பைக்கெல்லாம் கரை மேல ஏறும். சத்தத்துக்கு தாய்ப்பறவை கூட்ட விட்டு எந்திரிச்சா காக்கா வந்து முட்டையத் தூக்கிரும், ராத்திரி பூரா லைட் எரிஞ்சா அதுக எங்கிட்டு அடையும்? வயசானவங்களுக்கும் டைல்ஸ விட மண்ணுதான் நல்லது, மழை பேஞ்சா டைல்ஸ்ல பாசி புடிச்சு வழுக்கும்.

சம்பந்தப்பட்ட அதிகாரிங்க கரையில நடக்குற அளவுக்கு சீமைக்கருவ முள்ள வெட்டி விட்டு, வண்டி ஏறாம ரெண்டு கல்ல குறுக்க நட்டு, மடைகிட்ட உக்கார ஒரு திண்டு கட்டிக் குடுத்தா போதும்ங்க, வேற எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராமநாதபுரம்.